காட்டிலிருந்து ஏரிக்கு: பொலிவியாவில் கீழிருந்து மேலே

பொலிவியா என்றதும் எல்லோரும் கேட்பது உயுனி உப்புவெளியைத்தான். நாங்கள் நாலு பேரும் இந்த முறை அதை விட்டுவிட்டோம். வடக்கே அமேசான் காடு, அப்புறம் லா பாஸ் நகரம், கடைசியாக டிட்டிகாக்கா ஏரி என்று வழி போட்டோம். இந்த வரிசைக்குக் காரணம் உயரம். காட்டின் வாசலில் இருக்கும் ருரேனபாக்கே ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர்தான். லா பாஸ் 3,600 மீட்டர், ஏரி 3,812. லா பாஸ் விமான நிலையமோ 4,000 மீட்டருக்கும் மேலே. அங்கே நேராகப் போய் இறங்கி, காற்று மெலிந்திருப்பதால் படுத்த படுக்கையானவர்களின் கதைகளை நிறையக் கேட்டிருந்தோம். அதனால் தாழ்வான சாந்தா குரூஸில் இறங்கி, திரினிதாத் வழியாக பஸ்ஸிலேயே ருரேனபாக்கே போய்ச் சேர்ந்தோம். நீளமான, புழுதி பறக்கும் வழி. ஜூலை மாதம் என்பதால் போக முடிந்தது. மழைக்காலத்தில் அந்தச் சாலை சேறாகிவிடும்.

ருரேனபாக்கே பெனி ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து, பின்னால் மோட்டார் பொருத்திய நீள மரப்படகில் ஆற்றை எதிர்த்துப் போனால் மதிதி தேசியப் பூங்கா. 1995-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு கிட்டத்தட்ட 19,000 சதுர கிலோமீட்டர். அதன் கீழ் எல்லை 200 மீட்டர் உயரத்தில் ஈரக்காடு. மேல் எல்லை 6,000 மீட்டரை நெருங்கும் பனிமலை. ஒரே பூங்காவுக்குள் இத்தனை உயர வேறுபாடு இருப்பதால்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே வாழ்கின்றன.

எங்கள் வழிகாட்டி தகானா என்ற பழங்குடி இனத்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். எங்களில் ஒருத்திக்கு ஸ்பானிய மொழி நன்றாக வரும் என்பதால் அவர் சொன்ன எதுவும் எங்களுக்குத் தப்பவில்லை. நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று கையை உயர்த்தி நிறுத்தினார். முதலில் வந்தது நாற்றம், வியர்வையும் அழுகலும் கலந்த மாதிரி. அப்புறம் பல்லோடு பல் மோதும் சத்தம். பெக்காரிக் கூட்டம். நம்மூர்க் காட்டுப்பன்றிக்குத் தூரத்து உறவு. பெருங்கூட்டமாகப் போகும், மிரண்டால் ஆபத்து. பெரிய மரத்தின் வேர்மடிப்புக்குள் நாலு பேரும் ஒடுங்கி நின்றோம். பத்தடி தள்ளிப் புதர் முழுக்க அசைந்தது. அவை போன பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கொடியை வெட்டிக் குடிநீர் காட்டினார். சில மரங்களைத் தொடவே கூடாது என்றார். ஒரு மெலிந்த மரத்தைக் கத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே குடியிருந்த செவ்வெறும்புகள் அடுத்த நொடி தண்டு முழுவதும் பரவிவிட்டன. மரம் அவற்றுக்கு வீடு கொடுக்கிறது, அவை மரத்தைக் காவல் காக்கின்றன. ஆற்றங்கரைச் செம்பாறையில் பஞ்சவர்ணக்கிளிகள் ஜோடி ஜோடியாகப் பொந்து பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் தெற்கிலிருந்து சுராசோ என்ற குளிர்காற்று வீசியது. மலைக்கென்று வைத்திருந்த ஸ்வெட்டரைக் காட்டிலேயே எடுத்துப் போட்டுக்கொண்டோம்.

இரவு, இலையில் சுற்றித் தணலில் சுட்ட மீன். உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை, அவ்வளவு ருசி. அப்போதுதான் அவர் மீனைப் பற்றிப் பேசினார். இந்த ஆறுகளில் தங்கம் அரிக்கிறார்கள். மணலில் இருக்கும் தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் கலக்கிறார்கள், பிறகு அதைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். அந்தப் பாதரசம் ஆற்றில் சேர்ந்து, சின்ன மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்கு ஏறி, கடைசியில் மீனையே நம்பி வாழும் மக்களின் உடம்பில் வந்து தங்குகிறது. “சின்ன வயதில் எந்த மீனென்று பார்த்ததே இல்லை. இப்போது பேரப்பிள்ளைகளுக்குப் பெரிய மீனைக் கொடுக்கும்போது யோசிக்கிறேன்” என்றார். அன்று எங்கள் இலையில் இருந்தது சின்ன மீன்தான். அவர் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்.

திரும்பும்போது பாலா என்ற இடுக்கில் படகை மெதுவாக்கினார். இரண்டு மலைகளுக்கு நடுவே பெனி ஆறு நெருக்கிப் புகுந்து வரும் இடம். இங்கே அணை கட்டும் திட்டம் பல பத்தாண்டுகளாக விட்டு விட்டுத் தலைதூக்குகிறது. கட்டினால் மேலே உள்ள கிராமங்களும் காட்டின் ஒரு பகுதியும் மூழ்கும். 2016-இல் ஆய்வுப் பணிகளை நிறுத்தச் சொல்லி ஆற்றோரக் கிராமத்தார் இங்கே வந்து காவல் இருந்தார்கள். இந்த இடத்தைக் கண்ணால் பார்த்த எனக்கு, அவர்கள் செய்தது முழுக்க நியாயம் என்றே படுகிறது.

ருரேனபாக்கேயிலிருந்து மலையேறும் பஸ். காட்டுக்கும் உயர்மலைக்கும் நடுவே உள்ள யுங்காஸ் சரிவில் 1,700 மீட்டர் உயரத்தில் கொரோய்க்கோ ஊரில் இறங்கித் தங்கினோம், உடம்பு பழக. சுற்றிலும் படிப்படியாகக் கோக்கா வயல்கள். பக்கத்துக் கிராமங்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் வாழ்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அங்கிருந்து லா கும்ப்ரே கணவாய் 4,600 மீட்டருக்கும் மேல். ஜன்னலுக்கு வெளியே வாழை மரம் போய், புல் வந்து, பிறகு வெறும் கல்லும் பனியும். எல்லாம் ஒரே காலை நேரத்துக்குள்.

லா பாஸில் பணக்காரர்கள் பள்ளத்தில் இருக்கிறார்கள். கீழே போகப் போகக் குளிர் குறைவு, மூச்சு எளிது. அதனால் வசதியானவர்களின் தெற்குப் பகுதி அடியில். கிராமங்களிலிருந்து வந்த ஐமாரா பழங்குடி மக்களின் எல் ஆல்ட்டோ உச்சியில், 4,100 மீட்டருக்கு மேல். இரண்டையும் 2014-இல் கேபிள் கார் இணைத்தது. சுற்றுலாவுக்காகக் கட்டியது அல்ல, ஊர்ப் போக்குவரத்து. முதல் மூன்று தடங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை. நாட்டுக் கொடியின் நிறங்கள். நாங்கள் ஏறிய பெட்டியில் பல அடுக்குப் பாவாடையும் உருண்டைத் தொப்பியுமாக இரண்டு பெண்கள் இருந்தார்கள். முதுகில் வண்ணத் துணி மூட்டை. ஒரு மூட்டைக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. 1952 புரட்சிக்கு முன்னால், பழங்குடியினர் என்பதால் இவர்களின் பாட்டிமார் இதே நகரத்தின் மையமான முரீயோ சதுக்கத்துக்குள் நடக்கவே முடியாது என்று ஒரு கடைக்காரம்மா பிறகு எங்களிடம் சொன்னார்.

வியாழனும் ஞாயிறும் எல் ஆல்ட்டோவில் பெருஞ்சந்தை. பழைய கார்க் கதவிலிருந்து ஆட்டுக்குட்டி வரை எல்லாம் கிடைக்கும். ஊதாச் சோளத்தில் செய்த சூடான ஆப்பியும், எண்ணெயில் உப்பிய சீஸ் பலகாரமும் அந்தக் குளிருக்கு வரம். நண்பன் ஒருவனுக்கு மட்டும் தலைவலி விடவில்லை. “டேய், நடக்காதே, உட்கார்” என்று அவனைப் பிடித்து உட்கார வைத்ததும், அந்தக் கடைக்காரம்மாவே கோக்கா இலை போட்ட டீ கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஏரிக்குப் போகும் வழியில் வயல்களில் உருளைக்கிழங்கைப் பரப்பி வைத்திருந்தார்கள். இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வடித்து, வெயிலில் காயவைத்தால் சுன்யோ. வருடக்கணக்கில் கெடாது. திக்கினா நீரிணையில் எங்களை இறக்கிச் சிறு படகில் ஏற்றினார்கள். எங்கள் பஸ் தனியாக மரத்தெப்பத்தில் ஆடி ஆடி வந்தது. கரையில் கடற்படைத் தளம். 1879-இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையை இழந்த நாடு, கடற்படையை மட்டும் இன்னும் கைவிடவில்லை.

கோப்பகபானாவில் கோயில் வாசல் முழுக்கக் கார்கள். பூமாலை, வண்ணக் காகிதம், பாதிரியாரின் தீர்த்தம், சக்கரத்தில் பீர், அப்புறம் பட்டாசு. ஆயுத பூஜை அன்று நம்மூர் ஆட்டோ ஸ்டாண்டு போலவே இருந்தது. உள்ளே இருக்கும் கருநிற மாதாவைச் செதுக்கியவர் பிரான்சிஸ்கோ தித்தோ யுப்பாங்கி என்ற பழங்குடிச் சிற்பி. ரியோவின் புகழ்பெற்ற கடற்கரைக்குப் பெயர் போனது இங்கிருந்துதான்.

சூரியத் தீவில் வண்டி கிடையாது, கழுதைதான். இன்காக்களின் முதல் அரசன் மாங்கோ காபாக் இங்கே தோன்றினான் என்பது அவர்களின் கதை. படகுத்துறையிலிருந்து கல்படிகளில் ஏறினோம். காட்டில் துள்ளி நடந்த கால்கள் இங்கே இருபது படிக்கு ஒருமுறை நின்றன. மேலே ஒரு குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்தோம். எதிரே இல்யாம்பு பனிமலை, இரவு உணவுக்குக் கீனோவா சூப்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழைத் திரும்பும்வரை பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் வந்தால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். இரண்டாவது, காட்டில் அந்த ஊர் மக்களே நடத்தும் விடுதியைத் தேடுங்கள். சான் ஹோசே தே உச்சுப்பியாமோனாஸ் கிராமத்தார் 1990-களில் சலாலான் விடுதியைத் தொடங்கி இதற்கு வழிகாட்டினார்கள். விலை கொஞ்சம் கூடும். ஆனால் அந்தப் பணம் ஆற்றங்கரை வீடுகளுக்கே போய்ச் சேருகிறது. தங்கம் அரிக்கப் போகாமல் பிழைக்க அவர்களுக்கு ஒரு வழியாகவும் இருக்கிறது.