ஒரே நாணயம்: நாவல் எழுதும் நாட்குறிப்பு

ஜூலை 7, பாளையங்கோட்டை

இரண்டாம் பாகம் தொடங்கியாயிற்று. பேரரசர் மூன்று நாடுகளையும் பிடித்துவிட்டார். இனி எங்கும் ஒரே நாணயம் என்று ஆணை. தலைநகரில் பொன், துறைமுகத்தில் வெள்ளி, மலைநாட்டில் செம்பு புழங்குகிறது. போர் அத்தியாயங்களைவிட இதை எழுதத்தான் எனக்கு ஆசை.

ஜூலை 9

பழைய மதராஸ் நாணயக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தேன். வராகன் என்ற பொன் நாணயம் ஒன்றுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயை மாகாணத்தின் நாணயமாக்கி, வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று விகிதம் வைத்தது. 1835-ல் தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் 180 கிரெய்ன் (சுமார் 11.66 கிராம்) எடையில் ஒரே ரூபாய். ஆனால் அதற்கப்புறமும் நூறாண்டுக்கு மேல் திருவிதாங்கூர் சமஸ்தானம் சக்கரம் என்ற தன் நாணயத்தை விடவில்லை. என் மலைநாட்டுக்கு இதுதான் முன்மாதிரி.

ஜூலை 13, செங்கோட்டை

சாரல் விடவே இல்லை. தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனால் 1949 வரை இந்த ஊர் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. திருவிதாங்கூர் காலத்தில் தென்காசியில் அணா, இங்கே சக்கரம்.

சொந்தக்கார ஆச்சி ஒருத்தி, தொண்ணூறைத் தாண்டியவள், ஒரு செப்புக் காசை எடுத்துக் கொடுத்தாள். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. சங்கு தேய்ந்து, விரலால் தடவினால்தான் தெரிகிறது. இப்படிப் பதினாறு சேர்ந்தால் ஒரு சக்கரம்.

“ஏலே, எங்கம்மை முந்தியில ரெண்டு முடிச்சு இருக்கும். ஒண்ணுல சக்கரம், ஒண்ணுல அணா. தென்காசிச் சந்தைக்குப் போனா எந்த முடிச்ச அவுக்கணும்னு அவளுக்குத் தெரியும்.”

நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். என் நாவலில் மிளகு விற்கும் பெண்ணுக்கும் இரண்டு முடிச்சு போட்டுவிட்டேன்.

ஜூலை 14

திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கரம், அதாவது எட்டுக் காசு, என்னை விடமாட்டேன் என்கிறது. பணக்காரனுக்கு அது கணக்கிலேயே வராது. கூடைக்காரிக்கு ஒவ்வொரு தடவையும் கையை விட்டுப் போகும்.

நாவலில் வரிச்சாவடி புது வெள்ளியை மட்டுமே வாங்கும். வரி கட்டும் கிஸ்தி நாள் நெருங்க நெருங்க எல்லாரும் காசு மாற்றித் தரும் காசுக்கடைக்கு ஓடுவார்கள். அங்கே புதுக் காசுக்கு வட்டம், அதாவது மாற்றித் தரப் பிடிக்கும் தொகை, ஏறிக்கொண்டே போகும். ஆணை போட்டது அரசன். நட்டப்படுவது செம்பு வைத்திருப்பவன். இதை மெல்லச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒரு முழு அத்தியாயம் கொடுக்கப் போகிறேன்.

ஜூலை 20

கொற்கை போய் அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். என் பேரரசின் அக்கசாலையையும், அதாவது நாணயம் அடிக்கும் சாலையையும், அந்தக் காலக் கொற்கை போல ஆற்று முகத்துவாரத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெள்ளிக்காசு அடித்தால் கருவூலத்துக்கு லாபம். சின்னச் செப்புக் காசு அடிக்கும் கூலியே அதன் மதிப்பில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால் அதிகாரிகள் சில்லறையைத் தள்ளிப்போடுகிறார்கள். உப்பும் கீரையும் வாங்க வெள்ளியை உடைக்கவா முடியும்? சந்தையில் பழைய காசே ஓடுகிறது. காவலர் பிடித்தாலும் மறுநாள் ஓடுகிறது. சனங்களுக்குப் பேரரசின் மேல் பகை ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது சில்லறை.

ஜூலை 26

ஆணையின் வாசகத்தைத் திருத்திவிட்டேன். முதலில் சில்லறை அடிக்க வேண்டும். பழைய காசை வரிச்சாவடியே குறித்த விகிதத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், வட்டம் பிடிக்கக் கூடாது. தேய்மான நட்டம் கருவூலத்தைச் சேர்ந்தது. மிளகுக்காரியின் ஊர் கணக்கப்பிள்ளைதான் இந்தத் திருத்தங்களைக் கேட்டு மனு எழுதித் தலைநகருக்கு அனுப்புகிறார். நிதி அமைச்சர் எதிர்க்கிறார், காசுக்கடைக்காரர்கள் அவர் பின்னால் நிற்கிறார்கள். பேரரசர் முத்திரை வைப்பதா வேண்டாமா என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.