சென்ட்ரிங் போடாத கும்மட்டமும் எங்கப்பாவும்

ஈஸ்டர் சமயத்துல இத்தாலில இருக்குற ஃப்ளாரன்ஸ் பக்கம் தலைவச்சு படுக்காதீங்கன்னு நெட்ல ஆளாளுக்கு கதறி வச்சிருக்காங்க, கூட்டம் பிதுங்கும், ரூம் வாடகை எகிறும், எல்லாம் உண்மைதான். ஆனா ஜெர்மனில புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் லீவு, அம்மாவும் அப்பாவும் மதுரைலேர்ந்து ம்யூனிக் வந்து ஹீட்டர் பக்கத்துலயே குந்திட்டு இருக்காங்க, ஏப்ரல் மாசத்துல குரங்கு குல்லாவோட எங்கம்மாவ பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு. "எங்கயாச்சும் வெயிலடிக்கிற ஊருக்கு கூட்டிட்டுப் போடி"ன்னாங்க. சரின்னு நானும் இவரும் ட்ரெயின் புக் பண்ணி, போலோன்யால மாறி, ஃப்ளாரன்ஸ்ல எறங்குனா உண்மையிலயே வெயிலு. மதில் சுவரு மேலல்லாம் விஸ்டீரியா ஊதா ஊதாவா கொத்துக் கொத்தா தொங்குது. அம்மா குல்லாவ கழட்டி ஹேண்ட்பேக்ல போட்டாங்க. பயணத்தோட பாதி செலவு அங்கயே வசூல்.

அப்பா பி.டபிள்யூ.டி.ல இஞ்சினியரா இருந்து ரிட்டையர் ஆனவரு. இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இதுக்கு மேல நடந்த எல்லாத்துக்கும் அதான் காரணம். அவருக்கு ஓவியம், சிலை எதுலயும் இஷ்டம் கிடையாது. மைக்கேலேஞ்சலோ செதுக்குன, ஒட்டுத்துணி இல்லாம நிக்கிற டேவிட் சிலைக்கு முன்னாடி நிறுத்துனா "அஞ்சு மீட்டருக்கு மேல இருக்கும், ஒரே கல்லா?"ன்னு ஒரு கேள்வி, அவ்ளோதான். (அதே சிலைய பாத்து அம்மா என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத முடியாது. 1873ல இத கொண்டு போய் மியூசியத்துக்குள்ள வச்சிட்டாங்க, வெளிய சதுக்கத்துல நிக்கிறது 1910ல வச்ச காப்பின்னு இவரு விளக்க, "இதுக்கு ஒரு காப்பி வேறயா"ன்னு மட்டும் எழுதலாம்.)

ஆனா டுவோமோங்கிற பெரிய சர்ச்சோட கும்மட்டத்த பாத்தாரு பாருங்க, மனுசன் அப்டியே நின்னுட்டாரு. ப்ரூனெலெஸ்கின்னு ஒருத்தரு 1420ல ஆரம்பிச்சு 1436ல முடிச்சது, கிட்டத்தட்ட 45 மீட்டர் அகலம், கீழேர்ந்து மரத்துல முட்டு எதுவும் குடுக்காமயே கட்டிட்டாருன்னு நான் போன பாத்து வாசிச்சேன். அப்பா என் கைலேர்ந்து போன புடுங்குனாரு.

"சென்ட்ரிங் போடாமயா?"

"ஆமாப்பா."

"சும்மா சொல்லாத. சென்ட்ரிங் போடாம கழிவுநீர் தொட்டி மூடியே போட முடியாது."

அம்மாக்கு மூட்டு வலி, மேல ஏற 463 படி, லிஃப்ட் கிடையாது, அதனால அம்மாவையும் இவரையும் கீழ ஒரு பெஞ்சுல உக்கார வச்சிட்டு நானும் அப்பாவும் ஏறினோம். அந்த படிக்கட்டு எங்க போகுதுன்னா, கும்மட்டம் ஒண்ணு இல்ல ரெண்டு, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சந்துலதான் நாம ஏறுறோம். ஒரு ஆளு நிம்மதியா போலாம், எதுர ஒருத்தர் வந்தா ரெண்டு பேரும் மூச்ச உள்ள இழுத்துக்கணும். அந்த சந்துல அப்பா நின்னுட்டாரு. செங்கல் வரிசைய பாத்துட்டாரு. படுக்க வச்ச செங்கலுக்கு நடுநடுவுல ஒரு செங்கல் நிமுந்து நிக்குது, அப்டியே மீன் முள்ளு கணக்கா வளைஞ்சு வளைஞ்சு மேல போகுது. "இங்க பாரு, இங்க பாரு, இந்த நிக்கிற கல்லு இருக்குல்ல, இதுதான் பக்கத்து கல்ல சரிய விடாம புடிச்சுக்குது, ஒவ்வொரு சுத்து முடியும்போதும் அது தன்னைத்தானே தாங்கிக்கும், அதான் முட்டு வேணாம்"னு சுவத்துல கைய வச்சு விளக்குறாரு, பின்னாடி ஒரு ஸ்கூல் பசங்க குரூப்பு, அதுக்குப் பின்னாடி மூச்சு வாங்கிட்டு ஒரு ஜோடி, எல்லாரும் கியூல நிக்கிறாங்க. நான் "அப்பா நடங்கப்பா"ன்னு கெஞ்சுறேன். அந்த பசங்களோட டீச்சர் என்னன்னு கேட்டுச்சு, எங்கப்பா இஞ்சினியர்னு சொன்னேன், தப்பா போச்சு, அது பசங்களுக்கும் விளக்கச் சொல்லிருச்சு. அப்பாவும் விளக்குனாரு. மதுரை இங்கிலீஷ்ல. அந்த ஜோடி முகத்த நான் திரும்பியே பாக்கல.

மேல போனா ஊரு மொத்தமும் செங்கல் கலர்ல ஓட்டுக் கூரையா தெரியுது, சுத்தி பச்சை மலை. அப்பா ஊர பாக்கல. குனிஞ்சு, ஏறி வந்த கூரை சரிவ பாத்துட்டு இருந்தாரு.

கீழ வந்ததும் இவரு சும்மா இருக்காம "மாமா, அந்த ப்ரூனெலெஸ்கி மொதல்ல பொற்கொல்லரா தொழில் கத்துக்கிட்டவராம்"னு எடுத்துக் குடுத்தாரு. அப்பா முகம் சுருங்கிருச்சு. அம்மா முகம் மலந்துருச்சு. "நகை ஆசாரியா கட்டுனது? அதான இவ்ளோ நைஸா இருக்கு."

அந்த உற்சாகத்துல அம்மா நேரா போன்டே வெக்கியோ பாலத்துக்கு விட்டாங்க. 1345ல கட்டுன பாலம், ரெண்டு பக்கமும் நகைக்கடைங்க. முன்னாடி அங்க கறிக்கடைங்கதான் இருந்துச்சாம், நாத்தம் தாங்காம ஃபெர்டினாண்டோங்கிற டியூக்கு 1593ல எல்லாத்தையும் காலி பண்ணிட்டு தட்டாருங்கள குடியேத்திட்டாரு. "நல்ல மனுசன்"னு அம்மா சர்டிஃபிகேட் குடுத்துட்டு ஒரு கடைக்குள்ள போயி ஒரு செயின எடுத்து உள்ளங்கைல போட்டு தூக்கிப் பாத்தாங்க. அந்த பொண்ணு பெருமையா 18 கேரட்ங்குது.

"22 இல்லையா?"

இல்லைங்குது.

"சேதாரம் எவ்வளவுன்னு கேளுடி."

இத நான் எந்த பாஷைல கேக்குறது? செய்கூலிய மேக்கிங் சார்ஜுன்னு சமாளிச்சுட்டேன், சேதாரத்துக்கு அந்த பொண்ணு அரண்டு போய், எங்க தங்கம் எதுவும் சேதமாகாது மேடம்ங்குது. அம்மா செயின வெல்வெட் மேல திருப்பி வச்ச விதத்துல, அந்த கடையோட மொத்த சரக்கும் கவரிங்கா ஆகிருச்சு.

சாப்பாட்டுல ஒரே பிரச்சனை ரொட்டி. அந்த ஊரு ரொட்டில உப்பு போட மாட்டாங்க, காலங்காலமா அப்டித்தான். அம்மா கொண்டு வந்த எலுமிச்ச ஊறுகாய்தான் காப்பாத்துச்சு. ஆனா மெர்காட்டோ சென்ட்ராலே மார்க்கெட்ல லாம்ப்ரெடோட்டோன்னு ஒண்ணு, அண்டாலேர்ந்து எடுத்து பொடியா வெட்டி, பன்னோட மூடிய அந்த குழம்புலயே ஒரு முக்கு முக்கி, பச்சை சட்னியும் கார சட்னியும் தடவி குடுக்குறாங்க. அப்பா ஒரு கடி கடிச்சுட்டு கண்ண மூடிட்டாரு. "பாப்பா, இது போட்டிம்மா." மாட்டோட நாலாவது வயிறுன்னு இவரு சொன்னதும் அம்மா நகந்து நின்னுட்டாங்க. அப்பா இன்னொண்ணு வாங்குனாரு.

சாயங்காலம் வெண்கல காட்டுப்பன்னி சிலை. மூக்க தடவிட்டு, வாயில காசு வச்சு விடணும், கீழ இருக்குற கம்பிக்குள்ள விழுந்தா அதிர்ஷ்டம். எல்லாரும் தடவித் தடவி மூக்கு மட்டும் தங்கமா மின்னுது. அம்மா வச்ச காசு கம்பில பட்டு வெளிய தெறிச்சுது. எடுத்தாங்க, வச்சாங்க, தெறிச்சுது. "சின்ன காசு ஆடும், வெயிட்டான காசு வை, நேரா எறங்கும்"னு அப்பா டெக்னிக்கல் அட்வைஸ். "ரெண்டு யூரோ எவ்ளோ ரூவான்னு தெரியுமா உங்களுக்கு?" அப்புறம் அதே பத்து சென்ட் காசுதான் ஒருவழியா உள்ள விழுந்துச்சு, பின்னாடி கியூல நின்ன கூட்டமே கை தட்டுச்சு.

ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை காலைல டுவோமோ முன்னாடி மூச்சு விட இடமில்ல. மூணு மாடி உயரத்துக்கு ஒரு பெரிய வண்டி, பேரு ப்ரிண்டெல்லோனே, கொம்புல பூவு கட்டுன வெள்ள மாடுங்க இழுத்துட்டு வருது. "ஏங்க, தேருங்க!"ன்னு அம்மா என் தோள புடிச்சு எம்புறாங்க. 1099ல சிலுவைப் போர்ல ஜெருசலேம் மதில்ல முதல்ல ஏறுன பாட்ஸினோங்கிற ஃப்ளாரன்ஸ்காரருக்கு பரிசா கெடச்ச தீக்கல்லுன்னு மூணு துண்டு வச்சிருக்காங்க, அதுல உரசுன நெருப்புதான் இன்னைக்கும். கோயில் பூசைல குளோரியாங்கிற பாட்ட பாடும்போது பீடத்துலேர்ந்து ஒரு புறா, அதாவது புறா ரூபத்துல ஒரு ராக்கெட்டு, கம்பி வழியா சீறிட்டு வாசலுக்கு வந்து வண்டிய பத்த வச்சுட்டு அதே கம்பில திரும்பிப் போகணும். ஒழுங்கா திரும்பிப் போனா அந்த வருசம் வெளைச்சல் அமோகம். 1966ல புறா சொதப்பிருச்சாம், அந்த நவம்பர்லதான் ஆறு ஊருக்குள்ள புகுந்துச்சுன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க.

அம்மாக்கு புறா மேல அக்கறையே இல்ல. "வெடிக்கிறப்ப மாடு மிரளாதா?" மாட்ட முன்னாடியே அவுத்து கூட்டிட்டுப் போனத கண்ணால பாத்தப்புறம்தான் நிம்மதி. அப்பா இவருகிட்ட, கும்மட்டத்துக்கு சாமான் ஏத்துனதும் மாடு சுத்துன யந்திரம்தான், மாட்ட திருப்பிக் கட்டாமயே பல்சக்கரத்த மாத்தி ஏத்தவும் எறக்கவும் செஞ்சிருக்கான்னு ராத்திரி படிச்சத ஒப்பிச்சுட்டு இருந்தாரு. "ஆசாரி இல்லையா, மூளை இருக்கும்"னு அம்மா.

புறா சர்ருன்னு வந்துச்சு, மோதுச்சு, திரும்பி உள்ள ஓடிருச்சு. அப்புறம் வெடிச்சுது பாருங்க, பட்டப்பகல்ல, கோயில் வாசல்லயே, அடுக்கடுக்கா, காது அடச்சுப் போச்சு, கும்மட்டமே புகைல மறஞ்சிருச்சு. பக்கத்துல ஒரு இத்தாலி பாட்டி சந்தோசத்துல அம்மா கையப் புடிச்சு குலுக்கி என்னமோ சொல்லுச்சு, வெளைச்சல் நல்லாருக்கும்னு சொல்லுதுன்னு நானா சொல்லி வச்சேன்.

அம்மா கொஞ்சம் யோசிச்சாங்க.

"அப்ப ஆலிவ் எண்ணெய் வெல குறையுமான்னு கேளு."