காஞ்சனா வீட்டு மருமகள்

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் மறுபடியும் 'காஞ்சனா'. மாமியார் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் கீழே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் பேய் இருக்கிறதா என்று பார்க்கத் தேங்காயை வைத்துச் சோதிக்கிற இடம் வந்தது. தேங்காய் தானாகச் சுழன்றால் யாருடைய கண்ணும் படத்தில் மாமியாராக வரும் கோவை சரளா மேல்தான் போகும். நான் இந்தத் தடவை பிடிவாதமாக மருமகளையே பார்த்தேன், அதாவது தேவதர்ஷினியை.

சரளா கத்தினால் வீடே அதிரும். பக்கத்தில் இருப்பவரும் அதே அளவுக்குக் கத்தினால் அது வெறும் இரைச்சல். தேவதர்ஷினி அந்தக் கத்தலுக்கு இடம் விட்டு, அது முடிகிற நேரத்தில் தன் பயத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். மாமியாருக்குத் துணையாக நிற்பதா, விட்டுவிட்டு ஓடுவதா என்கிற கணக்கு அந்த முகத்தில் ஓடுகிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

இந்த வித்தையை அவர் சின்னத்திரையில் கற்றிருக்க வேண்டும் என்பது என் கட்சி. 90-களின் கடைசியில் எங்கள் தெருவையே பயமுறுத்திய 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு'வில் அவர் இருந்தார். சேத்தனும் அதில் நடித்தார். பிற்பாடு இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்புறம் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த, நாகா இயக்கிய 'ரமணி vs ரமணி'. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. முதல் பாகத்தில் ப்ருத்விராஜ், வாசுகி. இரண்டாம் பாகத்தில் ராம்ஜி, தேவதர்ஷினி. பேயும் இல்லை, அடிதடியும் இல்லை. ஒரு ஹாலும் புருஷன் பெண்டாட்டி சண்டையும்தான் மூலதனம். அதை வைத்துக்கொண்டு சிரிக்க வைக்க வேண்டுமென்றால், எதிராளி பேசும்போது சும்மா நிற்கத் தெரிய வேண்டும்.

சினிமா அவரை அண்ணி, அக்கா, தோழி என்றே கூப்பிட்டது. 2003-இல் 'பார்த்திபன் கனவு', 2011-இல் 'காஞ்சனா'. கதாநாயகிக்கு வயதானால்தான் அண்ணி வேஷம் என்பார்கள். இவருக்கு ஆரம்பத்திலிருந்தே அதுதான். எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு.

2018-இல் வந்த '96'-ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி நாள் காதலர்களான ராமும் ஜானுவும் இத்தனை வருஷம் கழித்துச் சந்திக்கிறார்கள். கூடப் படித்த சுபாவாக இவர். கேலியும் செய்ய வேண்டும், இந்தச் சந்திப்பு எங்கே போய் நிற்குமோ என்று உள்ளே பதறவும் வேண்டும். சின்ன வயது சுபாவாக நடித்தது இவருடைய மகள் நியதி. முகஜாடைக்கு ஆள் தேடி அலைகிற வேலையே இல்லை!

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். படம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பின்பக்கம் கதவு டமாலென்று அடித்தது. காற்றுதான். இருந்தாலும் இரண்டு பேரும் பேசவில்லை.

"தாழ்ப்பாள் போடலையா நீ?" என்றார் மாமியார்.

"நீங்கதானே அத்தை கடைசியா துணி எடுக்கப் போனீங்க?"

"சரி, போய்ப் போட்டுட்டு வா."

"நீங்களும் வாங்க."

"எனக்கு முட்டி வலிக்குது" என்றபடியே எழுந்து வந்தார், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு.