கேமரா அண்ணனுக்கு பிளேட்லெட் வேண்டும்

எங்கள் குறும்படக் குழுவில் அத்தனை பேருக்கும் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ ஆரம்பித்துவிட்டார்கள். 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறதே, புதிதாக வருகிற பசங்களை அங்கே கூட்டிப்போய்த்தான் முதல் ஷாட் எடுக்கச் சொல்வார். இப்போது அந்தப் பசங்கள்தான் முறை வைத்துக்கொண்டு இரவில் அவருக்குத் துணையாகப் படுக்கிறார்கள், அண்ணி கொஞ்சமாவது தூங்கட்டும் என்று.

உடனே தேவைப்படுவது பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணு. கீமோவில் அது சரசரவென்று இறங்கிவிடுகிறது, ஏற்றினாலும் சில நாள்தான் தாங்கும், எடுத்து வைத்தாலும் 5 நாளுக்கு மேல் பெரும்பாலும் வைக்க முடியாது, அதனால் ஒரே நாளில் எல்லோரும் வந்து நிற்பதைவிட ஆள் மாற்றி ஆள் வருவதுதான் உதவி. மெஷினில் கொடுக்க ஒன்றரை மணி நேரம் போல ஆகும். ஆஸ்பிரின் போட்டிருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று: சளி, காய்ச்சல் இருந்தால் தயவுசெய்து வராதீர்கள், பூங்கொத்தும் வேண்டாம். வெள்ளணு குறைந்திருக்கிறது, சின்னக் கிருமிகூட அவருக்கு ஆபத்து.

ஏற்காட்டில் பகோடா பாயிண்ட்டில் எடுத்ததை அனுப்பினோம். படுத்துக்கொண்டே பார்த்துவிட்டு, "ஃபோகஸ் முகத்துல இல்லடா, காதுல இருக்கு, திரும்ப எடுங்க" என்று வாய்ஸ் நோட் போட்டார். மூச்சு வாங்குகிறது, ஆனாலும் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை மலையேறித் திரும்ப எடுக்கிறோம்.

கொடுக்க முடிந்தவர்கள் ரத்த வகையோடு இன்பாக்ஸில் எழுதுங்கள், என்றைக்கு வர வேண்டும் என்று கூப்பிட்டுச் சொல்கிறேன்.