மாரியில் ஒத்திகை, நத்தாருக்கு நியூசிலாந்து: இருவருக்கான கூடாரப் பயணம்

நத்தார், புதுவருட விடுமுறைக்கு நியூசிலாந்துக்குப் போய், கார் எடுத்துக் கூடாரம் அடித்துச் சுற்ற நினைக்கும் திருகோணமலைத் தம்பதிகள் முதலில் கவனிக்க வேண்டியது படுக்கை. டிசம்பர் அங்கே கோடைதான். ஆனாலும் தென்தீவின் மலைப்பக்கத்தில் கோடை இரவு 5 பாகைக்கு இறங்கும். 24 பாகைக்கே போர்வை தேடும் எங்கள் உடம்புக்கு அது பெருங்குளிர்.

அந்தக் குளிர் நிலத்திலிருந்துதான் ஏறும். உடம்பின் பாரத்தில் உறக்கப் பையின் பஞ்சு நசுங்கிவிடும். உள்ளே காற்று இல்லாவிட்டால் சூடு நிற்காது. விலை கூடிய பையை வாங்கி மெல்லிய பாயில் விரித்தால் காசுக்குத்தான் கேடு. காற்றடைக்கும் பாய்களில், நிலக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட, 'ஆர்' மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 3க்குக் குறையாமல் எடுங்கள். உறக்கப் பையில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என இரண்டு வெப்ப அளவுகள் இருக்கும். கம்ஃபர்ட் அளவை மட்டும் நம்புங்கள். அது 0 முதல் 5 பாகைக்குள் இருந்தால் போதும். ஒரே மாதிரிப் பையில் ஒருவருக்கு இடப்பக்க சிப், மற்றவருக்கு வலப்பக்க சிப் என்று வாங்கினால் இரண்டையும் பூட்டி ஒன்றாக்கலாம். பாய்கள் இரண்டும் நடுச்சாமத்தில் விலகும், அந்த இடுக்கால் குளிர் ஏறும். பட்டி போட்டு இறுக்கிவிடுங்கள்.

குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுவழிகளை மூடுவதுதான் அடுத்த பிழை. விடியும்போது உட்கூரையில் முத்து முத்தாக நீர் நிற்கும், பைகளின் கால்மாடு நனைந்திருக்கும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். உண்மையில் அது இருவரின் மூச்சு, குளிர்ந்த துணியில் பட்டு நீரானது. எதிரெதிரே இரண்டு வழிகளைத் திறந்து வையுங்கள். வெளித்துணி உள்துணியில் ஒட்டாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள்.

ஒழுகலைச் சோதிக்க எங்கள் நவம்பர் மாரியை விட நல்ல பரீட்சை இல்லை. பயணத்துக்கு முன் முற்றத்தில் கூடாரத்தை அடித்து, ஒரு இரவு அதற்குள்ளேயே படுத்துப் பாருங்கள். அடியில் விரிக்கும் தறப்பாள் கூடாரத் தரையை விட நான்கு விரல் உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து விடும். எங்கள் மணலில் மெல்லிய முளைகளும் இறங்கும். தென்தீவின் ஆற்றோரக் கூழாங்கல் நிலத்தில் அவை வளையும், ஆகவே தடித்த அலுமினிய முளைகளாக எடுங்கள். தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சரியும்படி 45 பாகையில் அடியுங்கள்.

ஒத்திகை முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவிக் காயவிடுவது கட்டாயம். நியூசிலாந்து எல்லையில் கூடாரம், சப்பாத்து இரண்டையும் அறிவிக்க வேண்டும். முளையில் ஒட்டிய மண், மடிப்பில் கிடக்கும் புல்விதை எல்லாம் பார்ப்பார்கள். உணவும் அப்படித்தான். வீட்டில் இடித்த கறித்தூள், கருவாடு, மாசி என எதைக் கொண்டுபோனாலும் பயணி அறிவிப்புப் படிவத்தில் 'ஆம்' போடுங்கள். அறிவித்த பொருளை அனுமதிக்காவிட்டால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அறிவிக்காமல் பிடிபட்டால் 400 நியூசிலாந்து டொலர் தண்டம். பச்சைக் கறிவேப்பிலையை ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஓக்லாந்தின் சாண்ட்ரிங்கம் பகுதியில் தெற்காசியக் கடைகள் வரிசையாக உண்டு, தூள் வகையெல்லாம் அங்கேயே வாங்கலாம்.

காஸ் உருளையை விமானத்தில் ஏற்ற முடியாது. அங்கே வாங்கும்போது தனி பியூட்டேனைத் தவிருங்கள்: அதன் கொதிநிலை 0 பாகையை ஒட்டியது, குளிர்ந்த காலையில் சுடர் சோர்ந்துவிடும். புரொப்பேன் கலந்தது நின்று எரியும். சிவப்பரிசி காஸைத் தின்னும். வெள்ளையரிசியை அரை மணி நேரம் ஊறவைத்துப் போடுங்கள். மழையென்றாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே வேண்டாம், அடுப்பில் எழும் நச்சு வாயுவான காபனோரொக்சைட்டுக்கு மணமில்லை.

நத்தார் தினத்தில் சட்டப்படி சுப்பர் மார்க்கெட்டுகள் பூட்டு. 24ஆம் திகதி மத்தியானத்துக்குள் சாமான் வாங்கிவிடுங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் எல்லாம் டிசம்பர் 26 முதல் ஜனவரி நடுப்பகுதி வரை கடற்கரைக்கு இறங்குவதால், இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களத்தின் முகாம்களையும், இரு தீவுகளுக்கிடையே ஓடும் வெலிங்டன்–பிக்டன் கப்பலையும் பல மாதம் முந்திப் பதிய வேண்டும். கண்ட இடத்தில் காரை நிறுத்திப் படுக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொருத்திய கழிப்பறையுள்ள, சான்றிதழ் பெற்ற வாகனங்களுக்கே பெரும்பாலான உள்ளூராட்சி இடங்களில் அந்த உரிமை.

இடப்பக்க ஓட்டம் எங்களுக்குப் பழக்கம்தான். புதிது ஒருவழிப் பாலங்கள்: வட்டப் பலகையில் உங்கள் பக்க அம்பு சிறிதாகச் சிவப்பில் இருந்தால் நின்று வழிவிடுங்கள்.

தென்தீவின் டே ஆனா ஊரிலிருந்து மில்ஃபர்ட் சவுண்ட் என்ற மலைசூழ் கடற்கழிக்கு 118 கிலோமீற்றர், நிற்காமல் போனாலே இரண்டு மணித்தியாலம். பெற்றோலை டே ஆனாவில் நிரப்புங்கள். மில்ஃபர்டில் ஆண்டு மழை 6,000 மில்லிமீற்றரைத் தாண்டும் என்பதால் அங்கே ஒரு நாளை உபரியாக வையுங்கள். வழியில் உள்ள காஸ்கேட் கிறீக் முகாம் அழகான இடம், ஆனால் கடிக்கும் மணல் ஈ மொய்க்கும். காற்று வீசினால் அது பறக்காது, நன்றாக இருட்டினால் அடங்கும். டிசம்பரில் அங்கே இருட்டப் பத்து மணியாகும். ஆகவே காற்றுப்படும் வெளியில் அடுப்பை வைத்து, முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு சமையுங்கள்.