ஒரே கோப்பிலிருந்து 133 அதிகாரக் கோப்புகள்

திருக்குறள் முழுவதும் ஒரே உரைக்கோப்பாக என் கணினியில் இருந்தது. அதிகாரத் தலைப்புக்கு ஒரு வரி, குறள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, இடையில் வெற்று வரி கிடையாது. ஆக, அதிகாரத்துக்கு 21 வரி வீதம் மொத்தம் 2,793 வரிகள். இதை அதிகாரவாரியாகப் பிரிக்க, லினக்ஸ் டெர்மினலில் கிடைக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தேன்.

எந்தத் தெரிவும் (option) கொடுக்காவிட்டால், கோப்பைத் துண்டாக்கும் ஸ்பிளிட் (split) கட்டளை ஆயிரம் வரிக்கு ஒருமுறை வெட்டுகிறது. முதல் கோப்பு வலியறிதல் அதிகாரத்தின் நடுவே 476ஆம் குறளோடு முடிய, அடுத்த கோப்பு ‘ஆற்றின் அளவறிந்து ஈக’ என்று தொடங்கியது; அளவறியாமல் வெட்டிய கருவிக்குப் பொருத்தமான குறள்தான். வரி எண்ணிக்கையை 21 என மாற்றியதும் எக்ஸ்ஏஏ (xaa) முதல் எக்ஸ்எஃப்சி (xfc) வரையான பெயர்களில் சரியாக 133 கோப்புகள் வந்தன. ஆயினும் எங்கேனும் ஒரு வெற்று வரி புகுந்திருந்தால், அதற்குப் பின்னுள்ள அதிகாரங்கள் அனைத்தும் ஒரு வரி நகர்ந்திருக்கும். கருவி எந்த எச்சரிக்கையும் தராது.

பைட் கணக்கில் வெட்டுவது தமிழுக்கு ஒத்துவராது. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட். வெட்டு ஒரு குறிக்குள் விழுந்தால் இரு கோப்புகளின் ஓரங்களிலும் சிதைவு தெரியும்; இரண்டு குறிகளுக்கு இடையே விழுந்தாலோ இகரக் குறி மட்டும் அடுத்த கோப்பின் தலையில் தனியே நிற்கும். கோப்பின் அளவுக்கு வரம்பு வேண்டும், வரியும் முறியக் கூடாது என்றால் ஸ்பிளிட்டின் பெரிய எழுத்து ‘சி’ (-C) தெரிவே ஏற்றது.

இந்தப் பணிக்கு உரிய கருவி சிஸ்பிளிட் (csplit) என்பதே என் முடிவு. ‘அதிகாரம்’ என்று தொடங்கும் வரிதோறும் வெட்டு என்று சொன்னால் போதும், வரிகளை எண்ண வேண்டியதில்லை. இயல்பாக அது இரண்டிலக்க எண்ணே இடுவதால், 99ஐத் தாண்டியதும் 100ஆம் கோப்பு பெயர் வரிசையில் 11ஆம் கோப்புக்கு முன்னால் போய் நிற்கும். ஆகவே மூன்று இலக்கம் கேட்டேன். முதல் வரியே தலைப்பு என்பதால் 000 என்ற வெற்றுக் கோப்பு ஒன்றும் உருவாகிறது. அதை நீக்கத் தனித் தெரிவு உண்டு. ஆனால் நீக்கினால் முதல் அதிகாரம் 000 ஆகிவிடும். வெற்றுக் கோப்பை விட்டுவைத்தால் 001 கடவுள் வாழ்த்து, 133 ஊடலுவகை என எண்களும் அதிகாரங்களும் பொருந்துகின்றன, விட்டுவைத்தேன்.

அறம், பொருள், காமம் என்ற பால் பிரிப்புக்கு, குறளுக்கு ஒரு வரியாக, டேப் இட்டுப் பிரித்த அட்டவணைக் கோப்பையும், நெடுவரிசைகளைக் கையாளும் ஆக் (awk) கட்டளையையும் பயன்படுத்தினேன். பால் நெடுவரிசையின் மதிப்பையே கோப்புப் பெயராக்கியபோது 380, 700, 250 வரிகள் கொண்ட மூன்று கோப்புகள் கிடைத்தன. நெடுவரிசைத் தலைப்பு வரியை ஆக் தானாக எல்லாக் கோப்புகளிலும் சேர்க்காது; முதல் வரியை நினைவில் வைத்து, ஒவ்வொரு கோப்பும் தொடங்கும்போது அதை எழுதச் சொல்ல வேண்டும்.

எப்படிப் பிரித்தாலும், துண்டுகளை கேட் (cat) கட்டளையால் ஒட்டி, சிஎம்பி (cmp) கட்டளையால் மூலத்தோடு ஒப்பிட்ட பின்னரே மூலக் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினேன். பால் கோப்புகளை ஒட்டும்போது மட்டும், கூடுதலாகச் சேர்த்த தலைப்பு வரிகள் இரண்டை முதலில் நீக்க வேண்டியிருந்தது.