மட்டாஞ்சேரி ஜெபாலயத்தில் 146-ஆம் சங்கீதம்

கொச்சி மட்டாஞ்சேரியில் அரண்மனையையும் பழையன்னூர் பகவதி கோயிலையும் அடுத்தாற்போல் நிற்கிறது, யூதர்களின் வழிபாட்டிடமாகிய பரதேசி ஜெபாலயம். பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டார் என்று பொருள். கொச்சி அரசர் தம் அரண்மனைக்கு அருகிலேயே அளித்த நிலத்தில் 1568-இல் எழுந்த ஆலயம் இது. ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் பார்வையாளருக்கு அனுமதியில்லை என்பதால் வேலைநாளொன்றின் காலையில் சென்றிருந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சீனத்திலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகளின்மேல் நடந்து, பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த வாசிப்பு மேடையருகே நின்றேன். வேதாகமத்தின் துதிப்பாடல்களாகிய சங்கீதங்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அவை மூலமொழியாகிய எபிரேயத்திலேயே பல நூற்றாண்டுகள் ஓதப்பட்ட இடத்தில் நிற்பதே ஒரு பேறாகத் தோன்றியது.

யூதர்கள் நாள்தோறும் காலை வழிபாட்டில் ஓதும் சங்கீதங்களுள் 146-ஆவதும் ஒன்று. பிரபுக்களை நம்பாதிருங்கள் என்றும், அவர்கள் மண்ணுக்குத் திரும்பும் நாளிலேயே அவர்களுடைய திட்டங்களும் அழிந்துபோகும் என்றும் அது சொல்கிறது. இதை ஓதிய சமூகத்தாரிடமோ அரசர் அளித்த செப்பேடுகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு, பகல்விளக்கு, நடக்க விரிக்கும் துணியாகிய பாவாடை, குடை, தோரணம் முதலாக 72 உரிமைகளை, உலகும் சந்திரனும் உள்ளளவும் செல்லும்படி வழங்கினார். வட்டெழுத்தில் பொறித்த அந்த வாசகம் இன்றும் தமிழருக்குப் பெருமளவு விளங்கும். சந்திரன் இருக்கிறது, அந்தச் சேரர் ஆட்சி 12-ஆம் நூற்றாண்டைத் தாண்டவில்லை. ஆயினும் செப்பேட்டை யூதர்கள் நன்றியோடு காத்தார்கள், சங்கீதத்தையும் விடவில்லை.

அரசியல் காற்று திசைமாறியதன் விலையை இந்தக் கட்டடமே கொடுத்திருக்கிறது. 1662-இல் கொச்சியைப் பிடிக்க டச்சுக்காரர் செய்த முயற்சி தோற்றபோது, அவர்களுக்குத் துணைநின்ற யூதர்கள்மீது போர்த்துகீசியர் பாய்ந்து ஜெபாலயத்தைச் சூறையாடித் தீயிட்டனர். மறு ஆண்டே டச்சுக்காரர் வென்றனர். ஆலயம் மீண்டும் எழுந்தது. ஓராண்டு முன்பின்னாக வந்த தோல்வியையும் வெற்றியையும் கண்டவர்கள், கடவுள் நம் கட்சியில் இருக்கிறார் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

இத்தனைக்கும் யூத வழிபாடு ஆட்சியைப் புறக்கணிப்பதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில், குடியேறிய நகரத்தின் நலனைத் தேடி அதற்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றார் தீர்க்கதரிசி எரேமியா. உரோமர் ஆட்சிக்காலத்து யூத மறையாசிரியர் ரபி ஹனினாவோ, ஆட்சியின்மீது அச்சமில்லாவிட்டால் மனிதர் ஒருவரையொருவர் உயிரோடு விழுங்கிவிடுவர், ஆதலால் அதன் நலனுக்காக ஜெபியுங்கள் என்று இன்னும் நயமின்றிச் சொன்னார். அரசர்களுக்கு மீட்பளிப்பவரை அழைக்கும் ஜெபம் உலகெங்கும் பல ஜெபாலயங்களில் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆளுபவரும் கடவுளின் உதவிக்குக் காத்திருப்பவரே என்பது அதன் அடிப்படை. எங்கள் ஊர்களில் தேர்தல் வெற்றிக்காக நடத்தப்படும் சிறப்பு ஆராதனைகளின் தொனி இதுவல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை என்ற பெயரில் கொச்சி யூதர்கள் கைகட்டி இருந்துவிடவும் இல்லை. இதே ஜெபாலயத்தில் ஒரு பிரிவு யூதர்களுக்குச் சம உரிமை மறுக்கப்பட்டு வந்தது. அப்பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியின் சத்தியாகிரக முறையை இங்கே கையாண்டு போராடினார். கொச்சி சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார்.

1948-இல் இஸ்ரேல் அமைந்தபின், பெரும்பாலும் 1950-களில், கேரள யூதர்கள் கூட்டங்கூட்டமாக அங்கே குடிபெயர்ந்தனர். பொது வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள் இன்று பரதேசி சமூகத்தில் இல்லை. வெளியூர் யூதர்கள் வந்து சேர்ந்தால்தான் அந்த எண்ணிக்கை கூடும். குடிபெயர்ந்தவர்களுள் ஒரு பகுதியினர் நெகேவ் பாலைவனத்தின் நெவாதிம் என்னும் ஊரில் வேளாண்மை செய்து வேரூன்றினர். நாடும் அரசும் தங்களுடையவையே ஆனபின்னும், பிரபுக்களை நம்பாதிருங்கள் என்ற அந்த வசனம் காலை வழிபாட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது.